குழாயை மூடுவது என் வேலையாக இருந்தது

இரவு டிப்போவில் கலெக்‌ஷனைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வரும்போது மணி பத்தே முக்கால் ஆகிவிடும். முன்வாசல் வழியாக நான் உள்ளே போக முடியாது. பின்பக்கம் சுற்றிப் போய், செருப்பை மதில் ஓரம் கழற்றிப் போட்டு, யூனிஃபார்மைக் கழற்றி அங்கேயே இருக்கும் பக்கெட்டில் அமுக்கி, துண்டோடு நேராகக் குளியலறைக்குள் போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, கண்டக்டர் வேலை, நாள் முழுக்க நாலு பேர் கைபட்ட காசைத் தொடுகிறோம், குளிப்பது நல்லதுதானே என்று எடுத்துக்கொண்டேன். குளித்துவிட்டு வந்த பிறகு சமையலறையிலிருந்து குரல் வரும். "என்னங்க, குழாய்." அவ்வளவுதான். நான் போய்க் குழாயை மூட வேண்டும். கழுவாத கையால் திறந்த குழாய் அது. கழுவி முடித்த கையால் அதைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து கழுவ வேண்டும். அதனால் தண்ணீர் ஓட ஓட, இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி நான் வரும்வரை நின்றுகொண்டிருப்பாள். 2019-லிருந்து 2022 வரை அந்தக் குழாயை மூடியது நான்தான். நான் டூட்டிக்குப் போனால் பையன்.

அவளுக்கு ஒத்தாசை செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒத்தாசைதான் அவளுடைய நோய்க்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டில் இப்படிக் கழுவுவதை நிறுத்த முடியாத ஓசிடி நோயோடு ஒருவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மனைவியைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் "இது இப்படி நடக்கல" என்று திருத்தியும் கொடுத்தாள்.

கல்யாணமாகி வந்தபோதே அவள் சுத்தக்காரிதான். திருச்சியில் எங்கள் தெருவில் விடியற்காலையில் முதல் கோலம் எங்கள் வீட்டு வாசலில்தான் இருக்கும். அம்மாவுக்கு அதில் ஏகப் பெருமை, சொந்தக்காரர்கள் வந்தால் சமையலறை மேடையைக் காட்டுவார். 2017-இல் தமிழ்நாடு முழுக்க டெங்கு பரவியபோது ஐந்து வயதுப் பையனுக்கும் வந்துவிட்டது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போன அந்த மூன்று நாளும் அவள் கண்ணை மூடவில்லை. பக்கத்துக் கட்டில், கீழே கிடந்த பஞ்சு, எல்லோரும் போய்வந்த ஒரே கழிப்பறை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பையன் நல்லபடியாக வீட்டுக்கு வந்தான். அவள் மட்டும் அந்த வார்டிலிருந்து இன்னும் வெளியே வரவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

டெங்குவுக்கும் கை கழுவுவதற்கும் சம்பந்தமே இல்லை. பகலில் கடிக்கிற ஏடிஸ் கொசு, அது முட்டையிடுவது நல்ல தண்ணீர் தேங்கிக் கிடக்கும் இடத்தில். இதை நான் எத்தனையோ தடவை அவளிடம் சொல்லியிருக்கிறேன். கழுவுவதற்குத் தண்ணீர் பற்றாமல் போய்விடக்கூடாதென்று கொல்லையில் இரண்டு டிரம்மில் பிடித்து வைத்திருந்தாள். அபேட் மருந்து ஊற்ற வந்த மாநகராட்சி அம்மா டார்ச் அடித்துக் காட்டினார், தண்ணீரில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. எந்த நோய்க்குப் பயந்தாளோ அது வளர்வதற்கான இடத்தை அந்தப் பயமே செய்து வைத்திருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து அழுதாள். ஆனால் மறுநாள் கை கழுவுவது ஒரு தடவைகூடக் குறையவில்லை. நியாயம் பேசி இதைத் தீர்க்க முடியாது என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம் கொரோனா வந்தது. ஊரே பால் பாக்கெட்டைக் கழுவியது, போனை எடுத்தாலே கை கழுவுங்கள் என்று ஒரு குரல் சொன்னது. "பாத்தீங்களா, இப்ப எல்லாரும் என்னை மாதிரி ஆயிட்டாங்க" என்றாள். அந்த வருடம் அவள் நோய் யார் கண்ணுக்கும் தெரியாமல் போனது, அவள் கண்ணுக்கும்தான். நான் கொண்டுவரும் சம்பளப் பணத்தைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். நம் நோட்டு பருத்தியில் செய்தது, கிழியவில்லை. மற்றவர்கள் மெல்ல மெல்லப் பழையபடி ஆனார்கள், அவள் ஆகவில்லை. மாதம் பதினான்கு சோப்பு. குளியல் ஒன்றேகால் மணி நேரம், நடுவில் சந்தேகம் வந்தால் மறுபடி தலையிலிருந்து. தெருவில் நாய் படுத்த இடத்தைத் தாண்டி வந்தால் புடவை ஊறப்போட வேண்டும். வீட்டில் உட்காரக்கூடிய நாற்காலி, உட்காரக்கூடாத நாற்காலி என்று பிரிந்தது. விரல் முட்டிகள் வெடித்து, சோப்பு பட்டால் எரிந்து, நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ் வைக்கும், அதோடும் கழுவுவாள். கடையில் வாங்கும் கைகழுவும் திரவத்தில் 99.9 சதவீதக் கிருமி சாகும் என்று போட்டிருக்கும். "மீதி என்ன ஆகும்?" என்று என்னைக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, ராத்திரி ஒரு மணிக்குத் தூங்காமல் உட்கார்ந்து கேட்டாள். எந்தச் சோப்பாலும் முழு உத்தரவாதம் கொடுக்க முடியாது, அவளுக்கோ அந்த முழு உத்தரவாதம்தான் வேண்டியிருந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஆபத்தான விஷயம். 2021-இல் ஒரு நாள் பிளீச்சிங் பவுடர் போட்ட தரையிலேயே கழிப்பறை ஆசிட்டையும் ஊற்றித் தேய்த்திருக்கிறாள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கதவைச் சாத்திக்கொண்டு செய்ததால் மூச்சு முட்டி இருமிக்கொண்டே வெளியே வந்து விழுந்தாள். சுத்தம் செய்யும் எந்த இரண்டு மருந்தையும் தயவுசெய்து ஒன்றாகக் கலக்காதீர்கள், உங்கள் வீட்டில் இந்த நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரி.

அந்தப் பயத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். மறுவாரம், அவள் குளிக்கப் போய் ஐம்பது நிமிடம் ஆனதும் மொட்டை மாடிக்குப் போய் டேங்க்கின் வால்வை அடைத்துவிட்டேன். தண்ணீர் இல்லாவிட்டால் வெளியே வந்துதானே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். உள்ளேயிருந்து வந்த அலறலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். நுரையோடு வெளியே வந்து குடிக்க வைத்திருந்த இருபது லிட்டர் கேனைக் கவிழ்த்துக் கழுவினாள். அன்றிலிருந்து இரண்டு மாதம் நான் தொட்ட எதையும் அவள் தொடவில்லை, என்னையே நம்பவில்லை. கையைப் பிடித்து இழுப்பது, தண்ணீரை நிறுத்துவது, வேண்டுமென்றே அழுக்கைத் தொட்டு அவர்கள் மேல் தடவுவது, இதையெல்லாம் செய்து பார்க்கத் தோன்றும். செய்யாதீர்கள். பயம் போகாது, உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கைதான் போகும்.

வெளியே சொன்னால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். திமிர் என்றார்கள். வேலைவெட்டி இல்லாததால் என்றார்கள். மாமியார், அதாவது அவளுடைய அம்மா, "மடியா, ஆசாரமா இருக்கா, அதப் போய் வியாதிங்கறீங்களே மாப்ள" என்று வருத்தப்பட்டார். குணசீலத்துக்குப் போனோம், மனக்கோளாறு தீர வேண்டி எல்லோரும் போகிற கோயில், எனக்கு அந்தப் பெருமாள் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் முகத்தில் தீர்த்தம் தெளித்த நொடியில் அவள் உடம்பே விறைத்துவிட்டது, அந்தத் தண்ணீர் எந்தப் பாத்திரத்தில் இருந்ததோ என்று. வழியெல்லாம் சாமி குத்தம் செய்துவிட்டேனே என்று அழுதுகொண்டு வந்தாள். சாமி கும்பிடுவதை நிறுத்தச் சொல்லவில்லை நான். அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

எங்களை உலுக்கியது பையன்தான். 2022 பிப்ரவரி, நான்காம் வகுப்பு. சைக்கிளில் வந்து முக்கில் விழுந்து முட்டி கிழிந்து ரத்தம் கணுக்கால் வரைக்கும் ஓடியிருந்தது. அன்றைக்கு எனக்கு ஓய்வு நாள், திண்ணையில் இருந்தேன். ஓடிவந்தவன் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அங்கே நின்றபடியே, "அம்மா, நான் இன்னும் குளிக்கலம்மா" என்று அழுதான். விழுந்ததைச் சொல்லவில்லை, வலிக்கிறது என்று சொல்லவில்லை. அவள் வாசப்படி வரை ஓடிவந்தாள், கையை நீட்டினாள், கை பாதியில் நின்றது. நின்றே போனது. நான் போய்த் தூக்கிக்கொண்டேன்.

அன்று ராத்திரி அவளே வந்து, "எனக்கே தெரியுதுங்க இது அதிகம்னு. தெரிஞ்சும் முடியல. எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க" என்றாள். இதைக் கவனியுங்கள். இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கள் செய்வது அளவுக்கு மீறியது என்று தெரியும். "இவ்வளவு கழுவ வேண்டாம்னு உனக்குத் தெரியாதா" என்று நாம் கத்துவது அவர்களுக்குத் தெரிந்த ஒன்றையே அவமானத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பது.

கைப்புண்ணுக்காகப் பார்த்துக்கொண்டிருந்த தோல் டாக்டரிடம் முதலில் போனோம். அதற்கு முன்னால் அவர் "ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை கழுவுறீங்க" என்று கேட்டபோதெல்லாம் அவள் பத்து என்பாள், நான் பேசாமல் நிற்பேன். இந்த முறை நான் எண்ணி எழுதி வைத்திருந்ததைக் கொடுத்தேன். அறுபத்தெட்டு. அவர் களிம்பு எழுதும் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவருக்குக் கடிதம் எழுதினார். அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

ஓசிடி என்று சொன்னார்கள். எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் எழுதுகிறார்கள். சுத்தமாக இருப்பதற்கும் நோய்க்கும் கோடு எங்கே என்று நான் கேட்டேன். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதில் போகிறதா, வேலையும் உறவும் அதனால் கெடுகிறதா, நிறுத்த நினைத்தால் நிறுத்த முடிகிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். கேள்விகள் கேட்டு நாற்பதுக்கு மார்க் போடும் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறார்கள், 24-ஐ எட்டினாலே கடுமையானது. அவளுக்கு 29.

செர்ட்ரலின் மாத்திரை 50 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல மெல்ல 150 வரை கூட்டினார்கள். இந்த நோய்க்கு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படும், பலன் தெரிய பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று. முதல் இரண்டு வாரம் குமட்டலும் தலைசுற்றலும்தான் இருந்தது, கழுவுவதில் ஒரு மாற்றமும் இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால் நிறுத்தியிருப்போம். இது தூக்க மாத்திரை கிடையாது, பழக்கமும் ஆகிவிடாது. ஆனால் சரியாகிவிட்டது என்று நாமாக ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. குறைந்தது ஒன்றிரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், அவளுக்குக் கொடுத்ததை உங்களுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

மாத்திரை சத்தத்தைக் குறைத்தது என்று அவள் சொல்வாள். கையை மீட்டுக் கொடுத்தது மனநல ஆலோசகர் அம்மா கொடுத்த பயிற்சி. முதல் நாள் அவர் எங்களிடம் கேட்டது, கந்துவட்டி வாங்கியிருக்கிறீர்களா என்று. வட்டியைக் கட்டினால் அன்றைக்கு அவன் வாசலில் வந்து நிற்க மாட்டான், நிம்மதி. அசல் அப்படியே இருக்கும், அடுத்த வாரம் இன்னும் கூடக் கேட்பான். கழுவியதும் வருகிற அந்த நிம்மதி அப்படிப்பட்டது என்றார். கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை படித்துக்கொள்கிறது, அடுத்த தடவை அதற்கு இரண்டு தடவை கழுவ வேண்டியிருக்கிறது. கழுவாமல் உட்கார்ந்திருந்தால் பயம் உச்சிக்குப் போய், தானாகவே இறங்கும். அது இறங்குவதை அவள் ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும். அதுதான் சிகிச்சை.

தொட்டால் எவ்வளவு பயம் என்று நூற்றுக்கு மார்க் போட்டு ஒரு ஏணி மாதிரி எழுதச் சொன்னார். தன் செருப்பு வார் 30. வாசல் கதவுப் பிடி 40. என் டிக்கெட் பை 60. பத்து ரூபாய் நோட்டு 70. பஸ் கம்பி 85. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக் கதவு 100. கீழே இருந்து ஒவ்வொரு படியாக, அவள் சம்மதித்த பிறகுதான்.

நோட்டுக்கு வந்த நாள் நான் கூட இருந்தேன். மேஜை மேல் கசங்கிய ஒரு பத்து ரூபாய், ஓரத்தில் யாரோ பேனாவில் கணக்கு எழுதியது, மடிப்பில் கறுப்பு. ஆலோசகர் முதலில் தான் எடுத்து உள்ளங்கை, புறங்கை, கன்னம் என்று தடவிக்கொண்டார். அப்புறம் அவள். இரண்டு விரல் நுனியால் தொட்டதும் மற்ற மூன்று விரலும் தானாக விலகி நின்றன. "முழுக் கையையும் வையுங்க, அவசரமில்ல." வைத்தாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. பயம் எவ்வளவு என்றார், எண்பத்தைந்து. கை கழுவும் இடத்துக்குப் போகக்கூடாது, புடவையில் துடைக்கக்கூடாது, மனசுக்குள் மந்திரம் மாதிரி எதையும் சொல்லிக்கொள்ளக்கூடாது. பத்து நிமிடம் கழித்து தொண்ணூறு. அவள் என்னைப் பார்த்தாள், "ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள். என் வாயில் "ஆகாதும்மா" வந்துவிட்டது, ஆலோசகர் கையைக் காட்டி நிறுத்தினார். இருபத்தைந்தாவது நிமிடம் எழுபது. ஐம்பதாவது நிமிடம் முப்பத்தைந்து. அந்தக் கையோடு ஒரு பிஸ்கட்டை எடுத்துப் பாதி தின்றாள். தானாக இறங்கியதை நம்ப முடியாமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேங்க் வால்வை அடைத்த கதையை நான் வெட்கத்தோடு சொன்னபோது ஆலோசகர் ஒரு செய்தி சொன்னார். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் கழுவாமல் இருக்கப் பழக்கும் இந்தச் சிகிச்சை முறையை முதலில் எழுதியபோது, அவருடைய நோயாளி ஒருவரின் அறையில் தண்ணீரையே நிறுத்தி வைத்து, நர்சுகள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டார்களாம். இப்போது அப்படிக் கட்டாயப்படுத்துவதில்லை, குழாய் திறந்தேதான் இருக்கும், போகாமல் இருப்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், அப்போதுதான் வீட்டிலும் நிற்கும் என்றார்.

அடுத்து என் பக்கம் திரும்பினார். "குழாயை மூடுறீங்க, பின்பக்கமா வர்றீங்க, ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றீங்க?" எண்ணிப் பார்த்ததில்லை. என் கனிவு முழுக்க அந்த வட்டிக் கணக்கில்தான் போய்ச் சேர்ந்திருந்தது. அதை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம், இந்த வாரம் இரவுக் குழாயை நான் மூட மாட்டேன், அடுத்த வாரம் மதியக் குழாயைப் பையன் மூட மாட்டான் என்று. அவள் கையெழுத்துப் போட்டாள். ஒண்ணும் ஆகாதுல்ல என்று கேட்டால் சொல்வதற்கு எனக்கு ஒரு வரி கொடுத்தார்: "உனக்குப் பயமா இருக்குன்னு தெரியுதும்மா. பதில் சொல்றதில்லன்னு பேசியிருக்கோம்ல. பக்கத்துலயே இருக்கேன்." முதல் ராத்திரி குழாய் நாற்பது நிமிடம் ஓடியது. நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். போய் மூடிவிட வேண்டும் என்று கால் துடித்தது. கடைசியில் முழங்கையால் தள்ளி மூடினாள். அதற்கே நான் சந்தோஷப்பட்டேன். விரலால் மூட இன்னும் ஐந்து வாரம் ஆனது.

எப்போது கழுவலாம் என்பதையும் எழுதிச் சமையலறையில் ஒட்டினோம். சமைக்கும் முன், சாப்பிடும் முன், கழிப்பறை போய் வந்த பின், மீன் கறி அலசிய பின், குப்பை எடுத்த பின், வெளியே போய் வந்தால் ஒரு தடவை. சாதாரணச் சோப்பு, இருபது விநாடி. இந்தச் சீட்டு இல்லாமல் "குறைச்சுக் கழுவு" என்றால் எவ்வளவு குறைவு என்று புதுச் சந்தேகம் தொடங்கிவிடும். கழுவியே ஆக வேண்டும் என்று தவித்தால் ஐந்து நிமிடம் தள்ளிப்போடுவாள், பிறகு பத்து. பல நாள் அந்தப் பத்து நிமிடத்திலேயே தவிப்பு தணிந்துவிடும்.

பதினான்கு மாதத்தில் அந்த நாற்பது மார்க் அளவுகோலில் 29 என்பது 13 ஆனது. நேர்கோட்டில் இறங்கவில்லை. 2022 நவம்பரில் மெட்ராஸ் ஐ பரவியபோது பாதி ஏணி மறுபடி சரிந்தது, துண்டுகளை எல்லாம் வெந்நீரில் கொதிக்க வைக்க ஆரம்பித்தாள், நானும் பயத்தில் இரண்டு தடவை குழாயை மூடிவிட்டேன். பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஏணியில் 40-லிருந்து மறுபடி ஏறினோம். சரிவு வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது தோல்வி மாதிரித் தெரியாது.

யாரிடம் போவதென்று தெரியாதவர்கள் 14416-க்குப் போன் போடுங்கள், டெலி மானஸ், அரசு நடத்தும் மனநல உதவி எண், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். மாவட்ட அரசு மருத்துவமனையிலும் கேளுங்கள். கடுமையாக இருந்தால் பெங்களூர் நிம்ஹான்ஸில் ஓசிடிக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. நாங்கள் ஐந்து வருடத்தைத் தொலைத்தோம், அதில் மூன்று வருடம் எனக்கு வெட்கம், மனநல டாக்டர் என்றால் ஊர் என்ன சொல்லுமோ என்று.

இன்னமும் அவள் தக்காளியை மூன்று தடவை கழுவுகிறாள். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக் கதவு இன்னும் ஏணியின் உச்சியிலேயே இருக்கிறது. மாதம் ஐந்து சோப்பு. கைமுட்டியில் தழும்பு மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது.

போன ஆடிப் பதினெட்டுக்கு ஸ்ரீரங்கத்துக் காவிரிப் படித்துறையான அம்மா மண்டபம் போக வேண்டும் என்று பையனோடு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் டூட்டி பார்க்கும் டவுன் பஸ்ஸிலேயே ஏறினாள். நான் சொல்லவில்லை, அவளாக வந்தாள். கூட்டமென்றால் அப்படிக் கூட்டம், உட்கார இடமில்லை. மகளிர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினேன், விரலால் வாங்கிக்கொண்டாள். காவிரிப் பாலத்தில் டிரைவர் பிரேக் போட்டார், எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள், அவள் மேல்கம்பியைப் பிடித்துவிட்டாள். உள்ளங்கை முழுக்க. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டு அடுத்தவருக்குச் சில்லறை கொடுத்தேன். இறங்கும்போது அதே கையால் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனாள். நான் விசில் கொடுக்கக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.